மிஸ்டர் மோர்

கொழும்பில் இரண்டு நாள் கொம்பியூட்டர் பயிற்சி முடித்துவிட்டு ஹட்டன் ஸ்டேஷனில் வந்திறங்கிய பெரிய கிளாக்கர் லியனார்ட், போனபோது இருந்ததைவிடக் கொஞ்சம் உயர்ந்திருந்தார். நடையில் தெரிந்தது. சிரிப்பிலும் தெரிந்தது, அதாவது, சிரிப்பதைக் குறைத்துக்கொண்டதில் தெரிந்தது. "எப்படி சேர் இருந்துச்சு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "அது ஒரு பெரிய கடல்" என்று மட்டும் பதில் சொன்னார். கடலில் எவ்வளவு தூரம் இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கணுக்கால் வரைக்கும் என்று ஒப்புக்கொண்டிருக்கவும் மாட்டார்.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பத்து வருஷமாகியிருந்தது. பிராந்திய ஆபீஸின் கணக்குகளை எல்லாம் இனிக் கொழும்பில் இருக்கும் பெரிய கொம்பியூட்டர்தான் பார்க்கும் என்று உத்தரவு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சிக்கல். ஒரு தோட்டத்தில் 'கொழுந்து பறித்தல்' என்று எழுதியதை அடுத்த தோட்டத்தில் 'இலை சேர்த்தல்' என்று எழுதினார்கள். மூன்றாவது தோட்டத்தில் எதையாவது எழுதி, கீழே கோடு போட்டார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தால் கொம்பியூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். ஆகவே எதை என்ன பெயரில் எழுத வேண்டும், எத்தனை எழுத்துக்குள் எழுத வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்றெல்லாம் ஓர் அகராதியைத் தயாரித்து அந்தப் பெரிய கொம்பியூட்டருக்குள் ஏற்றியிருந்தார்கள். டிக்‌ஷனரி என்று அதற்குப் பெயர். ஹட்டனில் இருந்தபடியே டெலிபோன் வயர் வழியாக அதைத் திறந்து பார்க்கலாம்.

திறந்து பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி வந்திறங்கியது. கறுப்புக் கண்ணாடி, உள்ளே பச்சை எழுத்து, முன்னால் டைப்ரைட்டர் போல ஒரு பலகை. பழைய கடதாசிக்கட்டுகள் போட்டுவைத்திருந்த அறையைக் கூட்டி, வெள்ளையடித்து, பெட்டியை அங்கே வைத்தார்கள். பனிக்காலத்தில் அதற்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று லியனார்டின் மனைவி சிசிலி ஊசிநூலில் பின்னிய வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தக் கொடுத்தனுப்பினாள். அறையின் சாவி லியனார்டின் சட்டைப்பையில் இருந்தது.

இப்போது அந்தப் பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் நாள் முழுக்க லியனார்ட் கண் கொட்டாமல் கவனித்தார். பெட்டியை எப்படி எழுப்புவது, பெயரும் கடவுச்சொல்லும் எப்படிக் கொடுப்பது, முதலில் வரும் பட்டியலில் ஒன்று முதல் ஆறு வரை எதை எப்போது தேர்ந்தெடுப்பது, வெளியே வர மூன்றாம் விசையை எப்படி அமுக்குவது, எல்லாம் படித்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலையில் புதுச் சொல் சேர்ப்பது எப்படி என்று காட்டினார்கள். அதையும் படித்துக்கொண்டார். மத்தியானம் கன்டீனில் ஒரு மாலுபாண் தின்றார். உள்ளேயிருந்த மீன் எந்தக் கடலில் எந்த வாரம் பிடித்ததோ தெரியாது. அன்று பின்னேரம் வகுப்பில் பக்கம் புரட்டுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்த நேரமெல்லாம் லியனார்ட் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் கழுவி வெளியே வந்தபோது சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

எதை விட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. விட்டுப்போனதன் பெயரே தெரியாதபோது அதைப் போய் யாரிடம் கேட்பது?

வேலை சீக்கிரமே வந்தது. மனேஜர் ரணவீர கூப்பிட்டு, இந்த டிக்‌ஷனரியில் நம் பக்கத்துத் தோட்டங்களில் புழங்கும் சொற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாததைச் சேர்க்கச் சொன்னார். ரணவீர நல்ல மனிதர். ஆறு மாதத்துக்கு முன்தான் ஹட்டனுக்கு மாற்றலாகி வந்திருந்தார். கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. "நீங்கள் பயிற்சி பெற்றவர்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அந்த அறை இருந்த திசையைப் பார்த்துக்கூட உட்காரவில்லை.

லியனார்ட் சிசிலியின் துணியை மடித்து வைத்துவிட்டு, பெட்டியை எழுப்பி, ஒன்றாம் இலக்கத்தைத் தேர்ந்தெடுத்தார். சொற்கள் வந்தன. ஆங்கிலச் சொற்களாக, அகர வரிசைப்படி வந்தன. வராத நாள், ஏக்கர், முற்பணம் என்று ஏ எழுத்தில் சில. பி எழுத்தில் போனஸ், பக்கட், இன்னும் சில. சி எழுத்தில் ஒன்றே ஒன்று. மொத்தம் பன்னிரண்டு. அத்தோடு சரி.

லியனார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பன்னிரண்டேதான்.

தேயிலை இல்லை. கொழுந்து இல்லை. செடியை வெட்டிவிடும் கவ்வாத்து இல்லை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லை. கொழும்பில் குளிர்மெசினுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷம் இதைத்தான் செய்தார்களா என்று அவருக்குக் கோபம் வந்தது. சரி, நாமே சேர்ப்போம் என்று 'கொழுந்து பறித்தல்' என்பதை அடித்துக் கொடுத்தார். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஏற்கெனவே உள்ளது' என்றது.

"எங்க இருக்கு?" என்றார் லியனார்ட், பெட்டியைப் பார்த்து.

'தேயிலை' என்று கொடுத்தார். ஏற்கெனவே உள்ளது. 'கவ்வாத்து'. ஏற்கெனவே உள்ளது. திரும்பிப் போய்ப் பட்டியலைத் திறந்தார். அதே பன்னிரண்டு. முகத்துக்கு நேரே பொய் சொல்லும் ஒரு மெசினை அவர் வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்க்கிறார்.

அப்போதுதான் கண் கீழ்வரிசைக்குப் போனது. இடதுபக்கத்து மூலையில் 'அகராதிப் பொறுப்பாளர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நடுவில் நீள வெற்றிடம். வலதுபக்கத்து மூலையில், கொட்டை எழுத்தில், MORE.

ஆகா, என்று நினைத்தார் லியனார்ட். ஆள் அகப்பட்டுவிட்டான்.

மோர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'இன்னும்' என்று அர்த்தம் என்பது முப்பது வருஷமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய மனிதருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அது ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதோடு லியனார்ட் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கோர் தொரை இருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் மூர் தொரை இருந்தார். இடையில் ஒரு மோர் தொரை இருப்பதில் என்ன அதிசயம்? வெள்ளைக்காரர்கள் போன பிறகும் ஒன்றிரண்டு பேரை ஆலோசகர் என்று சொல்லி வைத்துக்கொள்வது கொழும்பில் வழக்கம்தானே. வயசாகியிருக்கும், பாவம். அதனால்தான் சி எழுத்தோடு களைத்துப்போயிருக்கிறார்.

கொட்டகலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனதும் சிசிலியிடம் சொன்னார்.

"யாருங்க அது, மோரா?" என்றாள் சிசிலி. அடுப்பில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள். "தயிரு மோரா?"

"வெள்ளக்காரன் பேரு, சிசிலி."

"வெள்ளக்காரனுக்கு மோரு ஏதுங்க? அவங்க பாலோட நிறுத்திக்குவாங்களே."

"உன்கிட்ட சொன்னேன் பாரு" என்று லியனார்ட் செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் டைப்பிஸ்ட் யோகேஸ்வரியைக் கூப்பிட்டுக் கடிதம் சொல்லத் தொடங்கினார். யோகேஸ்வரி ஹட்டன் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். முப்பது வயசு. மனசில் பட்டதைக் கேட்டுவிடுவாள். பதில் பிடிக்காவிட்டால் அந்தக் கோபத்தை டைப்ரைட்டர்மேல் காட்டுவாள். 'அன்புள்ள மிஸ்டர் மோர்' என்று அடித்ததுமே நிறுத்திவிட்டாள்.

"சேர், ஒரு சின்ன சந்தேகம். இது ஆளோட பேர்தானா?"

"பின்ன?"

"இல்ல சேர், இங்கிலீஷ்ல மோர்னா இன்னும்னு..."

"யோகேஸ், ஸ்டோன்னா இங்கிலீஷ்ல என்ன?"

"கல்லு சேர்."

"எங்க தோட்டத்துல ஸ்டோன் தொரைன்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு கல்லா?"

டைப்ரைட்டர் அன்று நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது.

முதல் கடிதம் மரியாதையாக இருந்தது. தங்கள் அகராதி சிறப்பானது, ஆனால் முற்றுப்பெறவில்லை என்று அபிப்பிராயப்படுகிறேன். பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் மரியாதை குறைந்து விஷயம் கூடியது. தேயிலைத் தோட்டங்களுக்கான அகராதியில் பக்கட்டுக்கு இடம் இருக்கிறது, தேயிலைக்கு இடம் இல்லை என்பதைத் தாங்கள் கவனித்தீர்களா? இல்லாததை இருக்கிறது என்று சொல்லும்படி மெசினுக்குப் பழக்கியது யார்? தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்ப்பது நல்லது. மலைநாட்டுக் குளிர் தங்களுக்குப் புதிதாக இருக்காது என்று நம்புகிறேன்.

அந்தக் கடைசி வரியைத் தானே இரண்டு தரம் வாசித்துப் பார்த்துக்கொண்டார். நன்றாக வந்திருந்தது.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. எடுத்தவள் யோகேஸ்வரி. "ஹலோ" என்றாள். "ஓம்" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டாள். கேட்கக் கேட்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். லியனார்டுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. முதுகு குலுங்கியது.

"என்னா யோகேஸ், யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல சேர்." திரும்பியபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கொம்பியூட்டர் பகுதியிலேர்ந்து வியாழக்கிழமை ஆள் வர்றாங்களாம். உங்க காயிதத்தப் பத்திப் பேச."

"மோரே வர்றாரா?"

"சேர், நான் ஒண்ணு சொல்லட்டுமா..."

லியனார்ட் அதற்குள் மனேஜர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

மிஸ்டர் மோர் வருகிறார் என்று கேட்டதும் மனேஜர் ரணவீர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரியாத ஒரு பெரிய மனிதர் தன் ஆபீஸுக்கு வருவதாவது! கொஞ்சம் யோசித்தார்.

"மோர்..." என்றார். "உயரமான மனிதர்தானே? நுவரெலியாவில் கிளப்பில் ஒருமுறை பேசியிருக்கிறேன்."

"அவரேதான் இருக்கணும் சேர்" என்றார் லியனார்ட், உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய். இனி சந்தேகத்துக்கு இடமே இல்லை. மனேஜரே பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை விடிந்தது. மனேஜர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். பியோன் மாயாண்டி பஜாருக்குப் போய் மாலை வாங்கிவந்தான். வெள்ளைக்காரத் தொரைக்கு நம் வீட்டுச் சாப்பாடுதான் போட வேண்டும் என்று லியனார்ட் சொல்லியிருந்ததால், சிசிலி முதல்நாளே கட்லட் பொரித்து, கரமல் புடிங் செய்து, பெரிய நாளுக்கு மட்டும் விரிக்கும் மேசைத்துணியோடு கொட்டகலையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். ஊதாநிறச் சேலை. தலையில் பூவும் வைத்திருந்தாள். யோகேஸ்வரி மட்டும் காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் டைப்ரைட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனுக்குப் போயிருந்த ஜீப் வந்து நின்றது. எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். கதவு திறந்தது. இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். கழுத்தில் மப்ளர், தோளில் ஒரு பை, மலைரயில் பாதையின் வளைவுகள் முகத்தை வெளுக்கச் செய்திருந்தன. கோட்டையும் மாலையையும் ஊதாச் சேலையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நான் பரிமளம். கொம்பியூட்டர் பகுதி" என்றாள்.

லியனார்ட் ஜீப்புக்குள் எட்டிப்பார்த்தார். டிரைவரைத் தவிர யாரும் இல்லை.

"மிஸ்டர் மோர் வரவில்லையா?" என்று மனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பரிமளத்தின் பார்வை யோகேஸ்வரியிடம் போனது. யோகேஸ்வரி கையெடுத்துக் கும்பிடாத குறை.

"அவரா... அவரால அந்த இடத்தை விட்டு வர ஏலாது சேர்" என்றாள் பரிமளம் மெதுவாக.

வயசு போன மனிதர், பயணம் ஒத்துக்கொள்ளாது, என்று லியனார்ட் மனசுக்குள் மன்னித்துவிட்டார். மாலையை வைத்துக்கொண்டு மாயாண்டி முழித்தான். வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று மனேஜர் தலையசைக்க, அது பரிமளத்தின் கழுத்தில், மப்ளருக்கு மேலே, விழுந்தது.

எல்லோரும் பெட்டி இருந்த அறைக்குள் நுழைந்தார்கள். மனேஜரும் முதல்தடவையாக வந்தார். சிசிலி வாசற்படியில் நின்றுகொண்டாள்.

"நீங்களே திறந்து காட்டுங்க சேர்" என்றாள் பரிமளம். "எங்க குறையுதெண்டு பார்ப்பம்."

லியனார்ட் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். இத்தனை நாள் தனியாகச் சண்டை போட்ட பெட்டியை இன்று சாட்சி வைத்துப் பிடிக்கப்போகிறார். பெயர், கடவுச்சொல், ஒன்றாம் இலக்கம். பன்னிரண்டு சொற்கள் வரிசையாக வந்து நின்றன.

"எண்ணிக்குங்கம்மா. பன்னெண்டு. தேயிலை எங்க? கொழுந்து எங்க? நான் காயிதத்துல எழுதுனதுல ஒரு எழுத்துப் பிழை இருக்கா?"

"இல்ல சேர்" என்றாள் பரிமளம். மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு குனிந்து, பலகையின் மேல்வரிசையில் எட்டாம் விசையை மெல்ல அமுக்கினாள்.

திரை ஒருதரம் கண்ணை மூடித் திறந்தது. வேறு பன்னிரண்டு சொற்கள்.

லியனார்டின் வாய் திறந்தபடி இருந்தது.

"இது... என்னம்மா?"

"ரெண்டாம் பக்கம் சேர்."

அவள் கையை எடுத்துவிட்டாள். தொடர்வது அவர் வேலை என்பதுபோல் சற்றுத் தள்ளி நின்றாள். லியனார்ட் ஒரு விரலை நீட்டி எட்டை அமுக்கினார். இன்னொரு பக்கம். மறுபடி அமுக்கினார். டி, ஈ, எஃப் என்று வந்துகொண்டே இருந்தது. கங்காணி வந்தார், கொழுந்து வந்தது, பெரட்டு வந்தது, கவ்வாத்து வந்தது. தேயிலை மட்டும் தனியாக ஒரு பக்கத்துக்கு வந்தது. தேயிலைத்தூள், தேயிலைப்பெட்டி, தேயிலைக்கன்று என்று குடும்பத்தோடு வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் மிஸ்டர் மோர் அசையாமல் நின்றிருந்தார்.

கடைசிப் பக்கம் வந்தது. நாலைந்து சொற்கள்தான். இடது மூலையில் அந்தப் புரோகிராமின் பெயரான 'அகராதிப் பொறுப்பாளர்' அப்படியே இருந்தது. வலது மூலை காலியாக இருந்தது.

லியனார்ட் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்கழுத்தில் சூடு ஏறி இரண்டு காதுக்கும் பரவியது. கோட்டு, மாலை, கட்லட், மலைநாட்டுக் குளிர் தங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து அவர் முன்னால் வரிசையாக நின்றது, காலைப் பெரட்டு மாதிரி.

"இங்கே மோருடைய பெயரைக் காணோமே?" என்றார் மனேஜர், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

பரிமளம் வாயைத் திறந்து, லியனார்டைப் பார்த்து, மூடிக்கொண்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று லியனார்டுக்கும் ஒரு நொடி தோன்றியது. ஆள் ஓய்வுபெற்றுவிட்டார் என்று சொல்லலாம். ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லலாம். ஆனால் முப்பது வருஷம் கணக்கெழுதிய கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"அது ஆள் பேரில்ல சேர்" என்றார். "பக்கம் இன்னும் இருக்குன்னு சொல்ற சொல்லு. முடிஞ்சதும் அது போயிருது. நான்தான் தப்பா விளங்கிட்டேன். அந்தப் பாடம் நடந்தப்ப நான் வகுப்புல இல்ல."

மனேஜர் கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "அப்படியானால்," என்றார் கடைசியில், மிகுந்த யோசனையோடு, "நான் கிளப்பில் சந்தித்தது வேறு மோர்."

சொல்லிவிட்டு, ஒரு டெலிபோன் வரவேண்டியிருப்பதாகக் கூறி வெளியே போனார்.

வாசற்படியிலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. சிசிலி சேலை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"சிரிச்சிரு சிசிலி" என்றார் லியனார்ட். "அடக்குனா நெஞ்சு வலிக்கும்."

அவ்வளவுதான். சிசிலி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். யோகேஸ்வரி காலையிலிருந்து சேர்த்துவைத்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டாள். விஷயம் என்னவென்று தெரியாத மாயாண்டியும் சிரித்தான். லியனார்ட் மட்டும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோளும் லேசாக ஆடியது. அழுகையா சிரிப்பா என்று பயந்து யோகேஸ்வரி கிட்டே வந்து பார்த்தாள். சிரிப்புத்தான்.

சாப்பிடும்போது பரிமளம் ஒரு விஷயம் சொன்னாள். பெரிய மேசைத்துணி, கரமல் புடிங், எல்லாம் அவளுக்கே.

"உங்கட ரெண்டு காயிதத்தையும் எங்கட பகுதியில எல்லாரும் வாசிச்சாங்க சேர். சிரிச்சதுதான். பொய் சொல்லமாட்டன். ஆனா எங்கட பெரியவர் சிரிக்கேல்ல. மத்த ஆபீஸ்கள்ல இருந்து வந்த அறிக்கையை எடுங்கெண்டார். எடுத்துப் பார்த்தா, எல்லா இடத்திலயும் 'பரிசீலித்தோம், சரி' எண்டு எழுதியிருக்கு. எப்ப பரிசீலிச்சாங்க, எவ்வளவு நேரம் எண்டு கொம்பியூட்டர்ல பதிவு இருக்குமே. பார்த்தா, அரைவாசிப் பேர் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்ல."

லியனார்ட் கரண்டியைக் கீழே வைத்தார்.

"தேயிலை இல்லாம ஒரு அகராதியா எண்டு கேட்டது நீங்க ஒராள்தான்" என்றாள் அவள். "இன்னொரு கட்லட் எடுக்கட்டா அன்ரி?"

"எல்லாத்தையும் எடும்மா" என்றாள் சிசிலி. "தொரைக்குன்னு செஞ்சது. அவரு எங்க வரப்போறாரு?"

பின்னேரம் லியனார்டும் பரிமளமும் பக்கம் பக்கமாகப் புரட்டி உட்கார்ந்தார்கள். எட்டை அமுக்கினால் முன்னே, ஏழை அமுக்கினால் பின்னே. லியனார்டுக்கு அது பிடித்துப்போயிற்று. தேவையில்லாமலே ஒருதரம் முன்னே போய்ப் பின்னே வந்தார். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஹெச் எழுத்தில் ஒரு சொல்லிடம் நின்றார். அரைப்பேர்.

"இதுக்கு என்னம்மா அர்த்தம் போட்டிருக்கீங்க?"

பரிமளம் விளக்கத்தைத் திறந்து வாசித்தாள். தொழிலாளியின் பெயர் நீளமாக இருந்தால் அதைப் பாதியாகச் சுருக்கி எழுதுவது.

லியனார்ட் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"பிழையா சேர்?"

"பேர் போடுறதுன்னா இங்க ஒரு நாள் வேலைக்குக் கணக்கு வைக்கிறது. மழை வந்து பாதியில வேலைய விட்டா அரைப்பேர். நீங்க சொல்ற மாதிரின்னா, மழை பேஞ்ச அன்னிக்கு நம்ம காளியாயி வெறும் காளியாப் போயிருவா. ஆயி அடுத்த நாள்தான் வருவா."

இந்தத் தடவை சிரித்தது பரிமளம். மலைக்குளிரில் பிடித்த சளியோடு, இருமலோடு சிரித்தாள். அந்த விளக்கம் அவள் எழுதியதுதான். அழித்துவிட்டு லியனார்ட் சொல்லச் சொல்ல அடித்தாள். கீழ்வரிசையையும் மாற்றச் சொல்லி அவர் கேட்டார். 'இன்னும் பக்கங்கள் உண்டு, எட்டை அமுக்கவும்' என்று தெளிவாகப் போட்டால் என்ன? செய்யலாம், ஆனால் கையெழுத்துகள் வாங்க வேண்டும், ஆறு மாதமாவது போகும் என்றாள் அவள்.

அந்த ஆறு மாதத்துக்கு என்ன செய்வது என்று கொழும்பில் யோசித்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து மனேஜருக்கு உத்தரவு வந்தது. மலைநாட்டு ஆபீஸ்களுக்குப் போய்ப் பக்கம் புரட்டச் சொல்லிக்கொடுக்க, பெரிய கிளாக்கர் லியனார்டை அனுப்பிவைக்கவும்.

முதலில் போனது நுவரெலியாவுக்கு. அங்கே பெரிய கிளாக்கர் சின்னத்தம்பி. லியனார்டைவிட நாலைந்து வயசு இளையவர். மயிருக்குக் கறுப்பு பூசி, டை கட்டி, பெட்டி இருந்த அறையின் சாவியைச் சங்கிலியில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எதுக்கண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் சின்னத்தம்பி. "நான் எல்லாம் சரிபாத்து அனுப்பிட்டேனே. பன்னெண்டு சொல்லு. ஒரு பிழை இல்ல."

"நல்லதுங்க தம்பி" என்றார் லியனார்ட். "கீழ வலது மூலையில ஒண்ணு எழுதியிருக்கே, பாத்தீங்களா?"

"அதுவா? மெசின் செஞ்ச கம்பனி பேருண்ணே."

லியனார்டுக்குச் சிரிப்புத் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வாசலில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, "தம்பி, நீ போயி ரெண்டு பிளேன்டீ சொல்லு. நீயும் கூடப் போ, சீனி தனியா வாங்கிட்டு வா" என்று இருவரையும் கிளப்பிவிட்டார். பிறகு சின்னத்தம்பியிடம் திரும்பி, மேல்வரிசையில் எட்டாம் விசையைக் காட்டினார்.

"இத ஒருக்கா அமுக்கிப் பாருங்க. நான் வெளிய நிக்கிறேன். பஸ்ஸுல வந்தது, காத்து வேணும்."

வராந்தாவில் வந்து கைகட்டி நின்றார். குதிரைப்பந்தயத் திடலில் பனி இறங்கியிருந்தது. ஒரு மட்டக்குதிரை மட்டும் புல் மேய்ந்துகொண்டிருந்தது. உள்ளே விசை ஒருதரம் அமுங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை. லியனார்ட் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மறுபடியும் ஒருதரம், அப்புறம் இன்னொருதரம், அப்புறம் விடாமல் அமுங்கத் தொடங்கியது.

பிளேன்டீயோடு வந்த பிள்ளைகளை லியனார்ட் படியிலேயே மறித்தார்.

"அவசரமில்ல" என்றார். "ஆறட்டும்."